நாய் குரைக்கும் இடம்

லீட்ரிம் பக்கம் பால் டேங்கர் ஓட்டுகிறேன்.
அதிகாலை மூன்றுக்குத் தொடங்கும் சுற்று,
பதினேழு பண்ணைகள்,
நடுவில் ஆலன் ஏரி, எந்நேரமும் மழைக்கு அடியில்.

வண்டி பிளேயரில் ஒரு சிடி சிக்கியிருந்தது.
எனக்கு முன்னால் ஓட்டிய ஃபின்டன் விட்டுப் போனது.
வெண்ணெய்க் கத்தியால் நெம்பிப் பார்த்தேன்,
வெளியே வரவில்லை. கத்திதான் வளைந்தது.
ரேடியோ எப்போதோ செத்துவிட்டது.
இந்தப் பாட்டு, இல்லாவிட்டால் என் மூச்சு.
முதல் வாரம் மூச்சையே கேட்டேன்.

எனக்கு ஆகாத இசை அது.
பேருந்தில் வந்து இறங்கும் பச்சைத் தொப்பிக்காரர்களுக்காக
யாரோ கால் தட்டிக் காட்டுவது என்று
அதுவரை எண்ணம்.

இரண்டாம் வாரம் சும்மா விரல் போய் குமிழைத் திருகியது.

வயலின், குழல், கான்செர்டினா,
முழங்கை அமுக்கி வாசிக்கும் பைப்.
நான்கு பேர், ஒரே மெட்டு.
ஒரே சந்தில் வீடு திரும்பும் நான்கு பேர் மாதிரி:
ஒருத்தி சுவரைத் தடவிக்கொண்டே,
ஒருவன் குட்டையைத் தாண்டி,
ஒருவன் குட்டையில் வேண்டுமென்றே மிதித்து.
யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை,
யாரும் பிந்தவும் இல்லை.
மெட்டு முடிந்த இடத்திலேயே மறுபடி தொடங்கும்,
என் சுற்றைப் போல.

உறை இல்லாததால் பெயர்கள் தெரியாது.
எங்கே ஒலிக்கிறதோ அதுவே பெயர்.
மூன்றாவது, கில்ரேன் வீட்டு உடைந்த கேட்.
நான்காவது, பாலத்தருகே தூங்கும் டிராக்டர்.
ஐந்தாவதற்கு மட்டும் பெயர் வைக்கவில்லை.

ஐந்தாவதில் பைப் மட்டும்தான்.
முதலில் ஒரு நாற்காலி தரையைக் கீறும்.
யாரோ மூச்சை இழுப்பார்கள்.
பிறகு, தண்ணீர் ஏறுகிற மாதிரி மெதுவாக, மெட்டு.
இரண்டு நிமிடம் பதினோரு நொடியில்
ஜன்னலுக்கு வெளியே எங்கோ ஒரு நாய் குரைக்கும்.
ஒரே ஒரு தடவை.
பைப்காரர் நிறுத்தமாட்டார்.
பிடித்த சுரத்தை இன்னும் கொஞ்சம் பிடித்தபடி நிற்பார்,
பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து
நாய்க்கு இடம் விடுவதைப் போல.

அந்த மார்ச்சில் ஓர்லாவும் நானும் வீட்டைப் பிரித்துக்கொண்டோம்.
சோபா அவளுக்கு, கெட்டில் எனக்கு.
யார் யாரோ போன் செய்தார்கள், பிறகு செய்யவில்லை.
அந்த நாய் மட்டும்
ஐந்தேகாலுக்குத் தவறாமல் குரைத்தது.

இலையுதிர் காலத்தில் கம்பெனி புது வண்டி கொடுத்தது.
பழையது உடைக்கப் போய்விட்டது,
வயிற்றில் சிடியோடு.

கேரிக் ஊரில் கடை கடையாக ஏறி இறங்கினேன்.
'ஏரிக்கரைப் பாட்டு வேணும்,
நாலு பேர், நடுவில ஒரு நாய்' என்றேன்.
கடைக்காரப் பெண் சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தாள்.
அட்டையில் எழுதியிருந்தது:
புதிய பதிப்பு, இரைச்சல் நீக்கியது.
மூன்றாம் மெட்டின் உண்மைப் பெயர்
'பாதிரியாரின் நனைந்த செருப்பு'.
கில்ரேன் கேட்டே தேவலை.

சின்ன பிளேயர் ஒன்றும் வாங்கி
மறுநாள் டேஷ்போர்டில் வைத்து ஓட்டினேன்.
ஐந்தாவது வந்தது.
நாற்காலி இல்லை.
மூச்சு இல்லை, யாரும் மூச்சே விடாமல் வாசித்தார்கள்.
இரண்டு நிமிடம் பதினோரு நொடி.
சுரம் நின்றது,
கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு,
வராத ஒருவருக்காக.

மக்டெர்மட் பண்ணை வாசலில் வண்டியை ஓரம் கட்டினேன்.
கண்ணாடியை இறக்கினேன். மழை உள்ளே வந்தது.
மறுபடி போட்டேன்.
வயது நாற்பத்தாறு,
முதுகுக்குப் பின்னால் ஒன்பதாயிரம் லிட்டர் பால்.
சரியான நொடியில்
நான் குரைத்தேன்.
ஒரே ஒரு தடவை, ஒழுங்காக.

இருட்டுக்குள்ளிருந்து மக்டெர்மட் வீட்டுக் காலி பதில் சொன்னது.
அடுத்த மேட்டில் இன்னொன்று.
அதற்கும் அப்பால், பெயர் தெரியாத ஏதோ ஒன்று.
மாடியில் விளக்கு எரிந்தது.

பைப்காரர் இன்னும் அந்தச் சுரத்திலேயே நின்றிருந்தார்.